ஏறினால் ஓடாத சைக்கிள்

கம்பெனி வேன் நின்றுபோனதிலிருந்து, தம்பி ஓட்டாமல் போட்டிருந்த மவுண்டன் பைக்கில்தான் வேலைக்குப் போகிறேன். பெயர்தான் பெரியது. கியரும் இல்லை, ஷாக்கும் இல்லை.

ரயில்வே பாலத்தில் தினமும் இறங்கித் தள்ளியே லேட். இனி லேட்டானால் உள்ளே விடமாட்டேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அதனால் நேற்று சாயங்காலம் ராயபுரம் சைக்கிள் கடையில் பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத்தை, அதாவது ஃப்ரீவீலை, பெரிதாக மாற்றிப் போட்டேன். கடைக்காரர் அப்போதே சொன்னார்:

"மேடு சுலுவா ஏறுமுங்க அம்மிணி. ஆனா சமதளத்துல காலுதான் சுத்தும், வண்டி நகராதுங்க."

"ஏறுனாப் போதுமுங்கண்ணா."

இன்று காலை இறங்காமலே பாலம் ஏறிவிட்டேன். உச்சியில் வாய்விட்டுச் சிரித்தேன்.

அதன்பிறகு கம்பெனி வரை ஒரே சமதளம். கால் ஓயாமல் மிதித்தும், டவுன் பஸ்ஸிலிருந்து கறிக்கோழி வண்டி வரை எல்லாம் என்னைத் தாண்டிப் போயின.

கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் திருநெல்வேலிக்காரர்.

"இன்னைக்குப் பாலத்துல இறங்கவே இல்லீங்கண்ணா," என்றேன்.

"அதுக்கு நான் என்னம்மா செய்ய? சூப்பர்வைசர் உள்ளதான் நிக்காரு."

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கியர் வண்டி வாங்கு என்பதைத் தவிர வேறு யோசனை இருப்பவர்கள் எழுதுங்கள்.