அம்மா சாக்கே குடித்த சனிக்கிழமைகள்

கொட்டாஞ்சேனைக்கு நாங்கள் குடிவந்த புதிதில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் அப்பா எனக்குச் சொந்தம். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, எனக்குக் கொஞ்சமும் இல்லை. அதற்கு முன்பு பல வருடங்களாக அப்பா கொழும்பில் வேறு கிளாக்கர்மாரோடு ஒரு வீட்டில் கூடிச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்தில் இருந்து அவருடைய லீவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஏழு வயதானபோது மாதா கோவிலுக்குக் கிட்ட ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து எங்களை அழைத்துக்கொண்டார். புருஷனை இழந்திருந்த அவருடைய தமக்கையும் எங்களோடு வந்தார். அவர் எனக்கு மாமி.

சனிக்கிழமை அப்பாவுக்குக் கந்தோர் வேலை அரைநாள். அப்பா வந்து குளித்து, வெள்ளைக் கோட்டு மாட்டி, வாசலில் ரிக்‌ஷாவை நிறுத்துவார். ரிக்‌ஷாவில் இரண்டு பேருக்குத்தான் இடம். ஒருவர் அப்பா, மற்றவர் நான். காலிமுகத்திடலில் கப்பல் பார்ப்போம், கோட்டையில் ஐஸ்கிறீம் சாப்பிடுவோம். அம்மா வாசல்வரை வந்து என் தலைநாடாவைச் சரிசெய்துவிட்டு உள்ளே போய்விடுவார். அவருக்கு அடுப்படியில் வேலை இருக்கும். அது அவருக்குப் பிடித்தமான வேலை என்று நினைத்திருந்தேன்.

அப்பா வேலை செய்தது யப்பான் துணி இறக்குமதி செய்யும் ஒரு கம்பனியில். அதன் யப்பான்காரத் துரைக்குத் தன் மனைவி ஊரிலிருந்து கப்பலில் வந்திறங்கிய சந்தோஷம். அவர் கந்தோர் ஆட்களுக்கு ஒரு விருந்து வைத்தார். எல்லாரும் மனைவிமாரோடு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். இடம் கொம்பனித்தெருவில் ஒரு மாடிவீடு. யப்பான் கப்பல் அதிகாரிகளும் வியாபாரிகளும் வந்து தங்கள் ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டுப் போகும் வீடு அது. சிங்கப்பூரில் இருந்து வந்த ஒரு யப்பான்காரி அதை நடத்திக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு என் இடத்தில் அம்மா ஏறி உட்கார்ந்தார். கூறைச்சேலைக்கு அடுத்தபடியான நீலச் சேலை. ரிக்‌ஷா மூலையில் திரும்பும்வரை நான் வாசலில் நின்றேன்.

"ஒருநாள்தானே, விடு பிள்ளை," என்றார் மாமி.

ஒருநாளோடு முடியவில்லை. அடுத்த மாதம் துரையின் விருந்து எதுவும் இல்லாமலே அப்பா அம்மாவிடம், "அந்த வீட்டுக்காரி உம்மைக் கேட்டவவாம், ஒருக்காப் போவமே?" என்றார். அம்மா நேரே போய்ப் பெட்டியைத் திறந்து சேலை எடுத்தார். பிறகு சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை என்றால் அது கொம்பனித்தெருவுக்கு என்று ஆகிவிட்டது. மற்றச் சனிக்கிழமைகள் எனக்கு இருந்தனதான். ஆனால் பறிபோன ஒன்றைத் தவிர வேறு எதுவும் எனக்குக் கண்ணில் தெரியவில்லை.

நான் செய்யாத அட்டகாசம் இல்லை. வயிற்றுவலி என்று படுத்தேன். மாமி ஓமத்தண்ணீர் பருக்கினார். இராச்சாப்பாடு வேண்டாம் என்றேன். மாமி என் பங்கையும் தானே சாப்பிட்டார். அவர்கள் திரும்பி வரும்போது அம்மா முகம் சிவந்து, ஏதோ ஒரு பாட்டின் நடு அடியை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். அந்த முணுமுணுப்புத்தான் எனக்கு ஆகவே ஆகாது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை ரிக்‌ஷா வந்ததும் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்து கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பா கெஞ்சினார். மாமி வெருட்டினார். ரிக்‌ஷாக்காரர் வெயிலில் நின்று சிரித்தார். "சரி, வரட்டும்," என்று சொல்லி அம்மா ஏறி என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் அப்பாவின் மடிக்குத்தான் ஆசைப்பட்டிருந்தேன்.

மாடிப்படியின் கீழே செருப்புக்களைக் கழற்றினோம். மேலே பாய் விரித்த அறை. முழங்கால் உயரத்தில் ஒரு மேசை. யப்பான்காரி குனிந்து குனிந்து வணங்கினார். அவருக்குத் தெரிந்தது மலாயும் உடைந்த சிங்களமும். அம்மாவுக்கு அந்த இரண்டும் தெரியாது. ஆனாலும் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்காது.

மாவில் தோய்த்துப் பொரித்த இறால் வந்தது. அது எனக்கு. பிறகு பச்சையாகவே மெல்லிசாக அரிந்த அறக்குளா மீன், கறுப்பாய் ஒரு உப்பு நீரோடு வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை விழுங்கினார்.

"பேதி மருந்து குடிக்கிற மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு சாப்பிட்டா அந்த மனிசி என்ன நினைக்கும்?" என்றார் அம்மா. சொல்லிவிட்டு இரண்டு துண்டை அடுத்தடுத்து எடுத்து, ஆறுதலாக மென்று சாப்பிட்டார். குச்சிகளைக்கூட அவர் அதற்குள் பழகியிருந்தார்.

அதன் பின்புதான் யப்பான்காரர் குடிக்கும் மதுவான சாக்கே வந்தது. கழுத்து ஒடுங்கிய சிறிய வெள்ளைச் சாடியைச் சுடுதண்ணீரில் வைத்துச் சூடாக்கிக் கொண்டுவந்தார்கள். கூடவே, பொம்மை விளையாட்டுக்குப் போதுமான அளவில் இரண்டு கிண்ணங்கள். எங்கள் தெரு முனைத் தவறணையில் இருந்து வெளியே வரும் ஆட்களை எனக்குத் தெரியும். குடி என்றால் அவர்கள். அவர்களுடைய சத்தமும் நாற்றமும். இதில் சத்தமும் இல்லை, நாற்றமும் இல்லை. சோறு வடிக்கும்போது எழும் ஆவியின் வாசம்தான் இருந்தது. அப்பா சாடியை எடுத்து அம்மாவின் கிண்ணத்தை நிரப்பினார். அம்மா சாடியை வாங்கி அப்பாவின் கிண்ணத்தை நிரப்பினார்.

"ஏன் நீங்கள் உங்கடைக்கு ஊத்தேல்லை?" என்று கேட்டேன்.

"இஞ்சை தனக்குத் தானே ஊத்தக்கூடாது. ஒராளுக்கு மற்ற ஆள்தான் ஊத்தவேணும்," என்றார் அப்பா.

நான் என் தண்ணீர்க் கோப்பையை அவர் முன்னால் தள்ளி வைத்தேன். அதில் தண்ணீர் இருக்கிறதே என்று சொல்லிவிட்டு அவர் அம்மாவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் அப்பா அம்மாவைக் கூப்பிடுவது "இஞ்சரும்" என்றுதான். அன்றைக்கு அந்த மேசையில் அவர் அம்மாவின் பெயரைச் சொன்னார். ஒரு வாய் மீன், ஒரு மிடறு சாக்கே, பிறகு அந்தப் பெயர். அப்பாவின் வாயால் அதை நான் கேட்டதே இல்லை. அம்மா தலையைக் குனிந்து சிரித்தார். தனியாகக் கொழும்பில் இருந்த காலத்தில், சமையல் முறை தன்னுடையதாக வரும் நாட்களில் சோற்றை எப்படிக் கருக்கினார் என்று அப்பா சொல்லிக்கொண்டு போனார். எனக்கு ஒருநாளும் சொல்லாத கதை. காலிமுகத்திடலில் இத்தனை சனிக்கிழமை பக்கத்தில் இருந்திருக்கிறேன். கப்பலின் பெயர்களைத் தவிர எனக்கு அவர் என்ன சொல்லியிருக்கிறார்?

"எனக்கு வயித்துக்குள்ளை நோகுது. வீட்டை போவம்," என்றேன்.

அம்மா கிண்ணத்தை வைத்துவிட்டு எழும்பப் பார்த்தார். யப்பான்காரி அவருடைய தோளை மெல்ல அமர்த்தி இருக்கச் செய்துவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே ஒரு சோற்று உருண்டையை என் கையில் தந்து, கடதாசி ஒட்டிய தட்டிக்கு அப்பால் இருந்த அவர்கள் இருவரையும் கையால் காட்டி, "ஹொந்தய், ஹொந்தய்," என்றார். நல்லது என்று அர்த்தமான அந்தச் சிங்களச் சொல் எனக்குத் தெரியும். தட்டியில் இரண்டு நிழல்கள் தெரிந்தன. ஒன்று மற்றதை விடக் கொஞ்சம் உயரம். அவை சிரித்தன. என்னை ஒருவரும் தேடவில்லை.

அடுத்தநாள் காலையில் மாமியிடம் போனேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மீன் வாசம் பட்டாலே குளிக்கிற ஆள். அம்மாவை ஏச அவர் போதும் என்று நினைத்தேன்.

"மாமி, அம்மா அங்கை குடிக்கிறவ."

மாமி துருவலை நிறுத்தவில்லை. "ஓம், சொன்னவ. சாராயம் இல்லையாம், அரிசியிலை செய்யிறதாம்."

"நீங்கள் ஏசேல்லையோ?"

"ஏன் ஏசவேணும்? புருஷனோடை போய்ப் புருஷன் தாறதைக் குடிக்கிறா." பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி, உப்புச் சாடிக்குப் பின்னால் இருந்து ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்தார். "எனக்கும் கொண்டந்து தந்தவ. கஞ்சித் தெளிவு மாதிரிக் கிடக்கு." அதுதானா என்று உறுதி செய்துகொள்ள இன்னும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அந்த நேரம் அடுப்படிக்குள் வந்த அம்மா, "மச்சாள், காலமையோ?" என்று கேட்க, இருவரும் சிரித்த சிரிப்பில் மாமியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது, வேறு காரணத்தால். வீட்டில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

பிறகு யுத்தம் வந்தது. முதலில் அது தூரத்து ஊர்களின் யுத்தமாக இருந்தது. யப்பானும் அதில் இறங்கியதும் கொழும்பில் இருந்த யப்பான்காரர்களைப் பொலிஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. துரையையும் மனைவியையும் கொண்டுபோனார்கள், மாடிவீட்டுக்காரியையும் கொண்டுபோனார்கள். கம்பனிக் கதவில் அரசாங்கப் பூட்டு விழுந்தது. அப்பா பகலிலும் வீட்டில் இருக்கத் தொடங்கினார். அது எனக்குப் பெரும் சந்தோஷம்.

அந்த மாதத்து முதல் சனிக்கிழமை நானே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வா," என்றார். ரிக்‌ஷா இல்லை, நடந்தோம். காலிமுகத்திடலுக்கு என்று நினைத்தேன். அவர் கொம்பனித்தெருவுக்குப் போய், அந்த மாடிவீட்டுக்கு எதிரில் தெருவோரம் நின்றார். யன்னல்கள் அடைத்திருந்தன. நிற்க வேண்டாம் என்று ஒரு பொலிஸ்காரர் சைகை காட்டினார். திரும்பும் வழியில் அப்பா எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார், தான் சாப்பிடவில்லை. வென்றுவிட்ட மிதப்போடு வீட்டுக்குள் நுழைந்தேன். எங்கே போனீர்கள் என்று அம்மா கேட்பார், சொல்லாமல் இழுத்தடிக்கலாம் என்று இருந்தேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவிடம், "பூட்டித்தான் கிடக்கோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றார் அப்பா.

குண்டு விழும் என்ற கதை பரவி, தெருவில் வீட்டுக்கு வீடு பெட்டி கட்டினார்கள். நாங்கள் யாழ்ப்பாணம் திரும்புவது என்றும், அப்பா மட்டும் கொழும்பில் நின்று வேலை தேடுவது என்றும் முடிவாயிற்று. கோட்டை ஸ்டேஷனில் நிற்க இடமில்லாத சனம். மாமி முண்டியடித்து எங்களுக்கு யன்னல் பக்கம் இடம் பிடித்துவிட்டார். அப்பா வெளியே பிளாட்பாரத்தில் நின்றார். நான் யன்னலால் பாதி உடம்பை வெளியே நீட்டி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளை, கொஞ்சம் அங்காலை இரன்," என்று பின்னால் இருந்து அம்மா சொன்னார். நான் அசையவில்லை. இன்னொரு தடவையும் சொன்னார், அதைவிட மெதுவாக. அப்பா என் தலைக்கு மேலாக உள்ளே பார்த்தார். ஊதல் கேட்டது. ரயில் நகர்ந்து, பிளாட்பாரம் முடியும் இடத்தில்தான் அவருடைய விரல்கள் என் கையை விட்டுப் போயின. கடைசிவரை பிடித்திருந்தது நான்தான்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். அம்மா மற்றப் பக்கத்து யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் இருந்த மாமி என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நீ கெட்டிக்காரி," என்றார்.

என்னை மெச்சுகிறார் என்று நினைத்து அனுராதபுரம்வரை அந்தச் சந்தோஷத்தோடு போனேன்.