தடுப்பூசிப் பெட்டியில் இரண்டு கை உப்பு

மகளுக்கு வெளி மாநிலத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் சேர மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்று வேண்டும், அதுவும் பத்து நாள் முன்னாலேயே போட்டிருக்க வேண்டும் என்று கடிதம் வந்தது.

"ஒரே ரூம்ல நிறைய பேர் இருப்போம்மா. ஒருத்திக்கு வந்தா பக்கத்துல படுக்குறவளுக்கும் வந்துடும்" என்றாள்.

எங்கள் ஊர் கிளினிக்கில் அந்த மருந்து இல்லை. "பாண்டியில வாங்கியாந்துடுங்கக்கா, நான் போட்டுவிடறேன்" என்றார் சிஸ்டர். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, உப்பளத்து வேலை முடிந்து நானே போனேன். மருந்துக் கடையில் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பை வைத்துக் கொடுத்தார்கள்.

"வீட்டுல ஃபிரிட்ஜ் இருக்குதில்ல?" என்று கடைக்காரர் கேட்டார். சுற்றிலும் ஆட்கள். இல்லை என்று சொல்லக் கூச்சம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஊர் வருவதற்குள் ஐஸ் பை இளகிவிட்டது. மீன் விற்கும் அக்காவிடம் ஐஸ் வாங்கி நிரப்பினேன். எங்கள் அளத்தில் உப்பு வாங்கும் குல்ஃபிக்காரர் ஐஸில் உப்பைப் போட்டுத்தான் குல்ஃபியைக் கெட்டியாக வைத்திருப்பார். நானும் இரண்டு கை கல் உப்பு போட்டேன். விடிந்ததும் புது ஐஸ், இன்னும் இரண்டு கை.

மகளோடு கிளினிக்குக்குப் போனேன். சிஸ்டர் மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என்னாக்கா, உறைஞ்சு போயிருக்குதே!"

"வெயில்ல வச்சா இளகிடும் சிஸ்டர்."

"இளகினாலும் ஆவாதுக்கா. இது ஜில்லுனு இருக்கணும், உறையக் கூடாது."

உப்பு போட்டதைச் சொன்னேன். மகள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏம்மா, எனக்கு ஊசி போடப் போறியா, குல்ஃபி செய்யப் போறியா?" சிரித்த கண்ணிலேயே தண்ணீரும் நின்றது. அன்றுதான் கடைசி நாள்.

"மூணு மணி வரைக்கும் இருக்கறேன், போயிட்டு வாங்க" என்றார் சிஸ்டர்.

இருவரும் பஸ் பிடித்தோம். கடையில் நேற்றைவிடக் கூட்டம். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்: "எங்க வீட்டுல ஃபிரிட்ஜ் இல்லீங்க. நேத்து உறைய வச்சு வீணாக்கிட்டேன். எப்படி எடுத்துட்டுப் போவணும்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் குப்பியை அட்டையில் சுற்றி, ஐஸ் பை அதன்மேல் படாமல் வைத்து, நேராகக் கிளினிக்குக்குப் போகச் சொன்னார். பெட்டியை மகள் மடியில் வைத்துக்கொண்டாள், என்னைத் தொடவே விடவில்லை.

மூன்று மணிக்குள் ஊசி போட்டு, சிஸ்டர் சான்றும் கொடுத்துவிட்டார்.

மகள் ஹாஸ்டலுக்குக் கிளம்பும் நாளில் பையில் ஊறுகாய் வைத்தேன். அவள் மூடியைத் திறந்து நக்கிப் பார்த்தாள்.

"ம்மா, உப்பு போட வேண்டிய ஊறுகாயில கம்மியா போட்டிருக்கியே."