சம்மன் அக்காவும் பதினேழாம் கேள்வியும்

சம்மன் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கோர்ட் ஆபீசில் சொல்வார்கள். சுத்தப் பொய். வருவதற்கு அது எங்கே போயிருந்தது? எப்போதும் அங்கேயேதான் குடியிருக்கிறது.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு நான்கே நாள் இருந்தபோது, பயிற்சி வகுப்பில் மாதிரித் தாளின் பதினேழாம் கேள்விக்கு மறுபடியும் 'இ' என்று போட்டு, மறுபடியும் சைபர் வாங்கினாள். கேள்வி இதுதான். விதி: கோர்ட் அறிவிப்பை ஒருவர் கையில் கொடுக்க முடியாவிட்டால் கதவில் ஒட்டலாம், ஒட்டினால் கிடைத்ததாகவே அர்த்தம். நடந்தது: கோர்ட் ஊழியர் ஒட்டிவிட்டதாக எழுதிக் கொடுத்தார். குடியிருப்பவர் எனக்கு ஒன்றுமே தெரியாது என்கிறார். அறிவிப்பு கிடைத்ததா? 'அ' கிடைத்தது, 'ஆ' கிடைக்கவில்லை, 'இ' மேலும் விசாரிக்க வேண்டும்.

"அக்கா, 'அ'தான் சரி. எத்தனை தடவை சொல்றது?" என்றான் பாடம் நடத்தும் சார். சாருக்கு மிஞ்சிப்போனால் இருபத்தாறு வயது. "கேள்வியில இருக்கிறதை அப்படியே நம்பணும். வெளியில தெரிஞ்சதையெல்லாம் இங்க கொண்டுவரக் கூடாது."

"ஒட்டினதை யாரு பார்த்தா?"

"பேப்பர்ல இருக்குக்கா."

"பேப்பர்ல நான்கூட ராணின்னு எழுதிக்கலாம்!"

வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். பதினெட்டு வயசுப் பிள்ளைகள். அவர்களுக்கு இது கேள்வி. அவளுக்கு இது பிழைப்பு. பதினைந்து வருஷமாகக் கோர்ட் சம்மனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவள். மணி அடித்ததும் உள்ளே டி.வி. சத்தம் சட்டென்று குறைந்தால் ஆள் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். பின்வாசல் வழியாக நழுவுகிறவன், 'அவர் வெளியூர்' என்று தானே சொல்கிறவன், நாயை ஏவுகிறவன், எல்லாரையும் பார்த்தாயிற்று. நடந்து நடந்து வருஷத்துக்கு நாலு செருப்பு தேய்கிறது. ஒரு நாளும் பார்க்காத கதவைப் பார்த்ததாக அவள் எழுதியதில்லை.

எழுதமாட்டாள். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவளுக்குப் பதினான்கு வயதில் வாடகை வீட்டு வழக்கு ஒன்று வந்தது. வந்ததே அப்பாவுக்குத் தெரியாது. கோர்ட் ஆள் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு 'கதவில் ஒட்டியாயிற்று' என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அப்பா கோர்ட்டுக்கு வராமலே தீர்ப்பு ஆனது. ஒரு காலையில் நாலு பேர் வந்து, அடுப்பில் இருந்த பாத்திரத்தைச் சூடோடு தூக்கித் தெருவில் வைத்தார்கள். தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி அப்பா மனுப் போட்டார். அந்த ஆள் கூண்டில் ஏறி 'ஒட்டினேன்' என்றான். அப்பாவின் வக்கீலோ கோட்டுப் பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். கதவு என்ன நிறம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அந்த ஆள் திருதிருவென்று முழித்திருப்பான். பச்சைக் கதவு. தெருவிலேயே அது ஒன்றுதான் பச்சை. ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை.

அதனால்தான் இந்தப் படிப்பு. மாலைக் கல்லூரியில் நாற்பது வயது ஆகிவிட்டால் சேர்க்கமாட்டார்கள். அவளுக்கு முப்பத்தொன்பது. போன வருஷம் மூன்று மார்க்கில் போயிற்று. பதினோரு கேள்விக்கு 'இ' போட்டிருந்தாள். இந்தத் தடவையும் விட்டால் அவ்வளவுதான், ஆயுசுக்கும் அடுத்தவன் கதவைத் தட்ட வேண்டியதுதான்.

வீட்டில் பஸ் ஓட்டிவிட்டு வந்த புருஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேள்வி படிப்பார். "ஒருத்தர் வளர்க்கிற நாய் தெருவுல போனவரைக் கடிச்சுது. நாய்க்காரர் பொறுப்பா?"

"வாசல் கேட்டு திறந்திருந்துச்சா? நான் ஆறு கடி வாங்கியிருக்கேன். எவனாவது 'என் நாய்தான்'னு ஒத்துக்கிட்டானா?"

"அடியே, நாய்கிட்டயா வாக்குமூலம் வாங்கச் சொன்னாங்க? விதியைப் பார்த்து டிக் போடு தாயே!"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் 'இ'தான் போட்டாள்.

தேர்வு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லீவுச் சீட்டோடு பெரிய கிளார்க்கின் மேஜைக்குப் போனாள். மனுஷன் சீட்டைப் பார்க்காமல் ஒரு சம்மனை எடுத்து முன்னால் தள்ளினார். ஒற்றை அறை வீடு, குடியிருப்பவள் ஒரு பொம்பளை, காலி செய்யச் சொல்லி வழக்கு. திங்கள்கிழமை விசாரணை. அக்கா இருட்டிய பிறகு மூன்று தடவை போயும் பூட்டித்தான் கிடந்தது.

"ஒட்டியாச்சுன்னு ஒரு வரி எழுதிட்டுப் போ. வீட்டு ஓனரோட வக்கீல் மூணு தடவை கேட்டுட்டார்."

"அந்த மாடிப்படியில எட்டு குடித்தனம் சார். ஒட்டினா அடுத்த நிமிஷம் எவனாவது கிழிச்சிடுவான். அவ வேலைக்குப் போற இடம் தெரிஞ்சிடுச்சு, நாளைக் கழிச்சு நேர்லயே கொடுத்துடறேன்."

"நாளைக்குக் காலையில இது என் மேஜையில இருக்கணும். எழுதினா லீவு. இல்லேன்னா கிடையாது. வக்கீலுக்குப் படிக்கப் போறவளுக்கு இதுகூடத் தெரியலையா?" என்று சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கே ஒரு தண்டனை கொடுக்கலாம்.

அக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "ஒரு பொய்யை எழுதிட்டுப் போய்ச் சட்டம் படிக்கணுமா சார்? அதுக்கு நான் படிக்காமலே நாசமாப் போறேன்!" ஆபீஸ் முழுக்கத் தலையைத் தூக்கிப் பார்த்தது. சம்மனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வாயைக் கொடுத்து வயசையும் தொலைத்துவிட்டோமோ என்று தெருவிலேயே நின்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பின்கேட்டில் நின்றாள். அந்தப் பொம்பளை அங்கேதான் இரவு ஷிப்ட் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். ஏழு மணிக்குக் கூட்டமாக வெளியே வந்தார்கள், எல்லார் கையும் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. பேரைக் கேட்டு நிறுத்திக் காகிதத்தை நீட்டியதும் அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"நான் என்ன திருடினேன்? வேலை செய்யற இடத்துல வந்து மானத்தை வாங்கறியே, நீ நல்லா இருப்பியா?"

"திட்டிக்கோ. திட்டிட்டுக் கையெழுத்துப் போடு. திங்கள் காலையில பத்து மணிக்குக் கோர்ட்டுல நீ நிக்கணும். நிக்கலேன்னா உன் சாமானைத் தெருவுல வெச்சிடுவாங்க. காதுல விழுதா?"

"வாடகையெல்லாம் ஒழுங்காக் குடுத்திருக்கேனே! ரசீது இருக்கே!"

"அதை என்கிட்ட ஏன் காட்டறே? அங்க கொண்டுவந்து காட்டு!" என்று கத்தினாள் அக்கா. அப்பாவிடமும் ரசீதுகள் இருந்தன, ஒரு பிஸ்கட் டப்பா நிறைய.

அந்தப் பொம்பளை ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஒன்பது மணிக்கு அக்கா கையெழுத்து வாங்கிய சம்மன் நகலைப் பெரிய கிளார்க்கின் மேஜையில் வைத்தாள். கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு ஆட்டம்?" என்றபடி லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். பதில் சொல்ல நேரமில்லை. ஒன்பதரைக்குத் தேர்வு மையத்தின் கேட்டை மூடிவிடுவார்கள். ஓடினாள். காவலாளி கேட்டில் கை வைத்த சமயம், செருப்பின் வார் அறுந்து, ஒற்றைச் செருப்போடு உள்ளே நுழைந்தாள்.

தேர்வுத் தாளில் அது இல்லாமலா போகும்? எண்தான் வேறு, முப்பத்திரண்டு. ஊழியர் கதவில் ஒட்டியதாக எழுதிக் கொடுத்தார். கிடைத்ததா? அக்கா அந்தக் கேள்வியை எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பேனா தானாகவே 'இ'க்குப் போயிற்று. நிறுத்தினாள். மூன்று மார்க், நாற்பது வயது, திங்கள்கிழமை யாரோ ஒரு வக்கீல் பையில் பேனாவைத் தேடப் போகிற கோர்ட்டு, எல்லாம் மனசில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு 'அ'வைக் கறுப்பாக்கினாள். அந்த மாதிரிக் கேள்விகள் மொத்தம் பன்னிரண்டு. ஒன்றுக்கும் 'இ' போடவில்லை.

வெளியே வாசலில் சார் அடுத்த வருஷ வகுப்புக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். ஓடி வந்தான். "அக்கா! கதவுக் கேள்வி வந்துச்சாமே, எதைப் போட்டீங்க?"

"'அ'."

"அப்பாடா! கடைசியில பேப்பரை நம்பிட்டீங்க!"

"யாருடா நம்பினது?" என்றாள் அக்கா. அறுந்த செருப்பு கையில் இருந்தது. "உள்ள போக மார்க் வேணும், போட்டேன். போயிட்டு வரேன் இரு. ஒட்டினேன்னு எழுதிக் குடுக்கிறவன் ஒவ்வொருத்தனையும் கூண்டுல ஏத்தி, அந்தக் கதவு என்ன நிறம்னு கேக்கறேன்."