தாய் இறாலின் தீனி

நெட்டுக்குப்பத்தில் தங்கபுஷ்பத்தின் வீட்டுக்கும் அவள் தங்கை சிவந்தியின் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். சிவந்தியின் புருஷன் லாரிக்குக் கிளீனராகப் போனவன், அப்படியே போய்விட்டான். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு போட்டது எண்ணூர்க் கழிமுகம். ஊரில் அதை ஆறு என்றுதான் சொல்வார்கள். பனையோலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவி இறால் பிடிப்பாள். வலையும் கிடையாது, படகும் கிடையாது.

தங்கபுஷ்பத்துக்கு இடுப்பு வலி. தண்ணீரில் இறங்க முடியாது. தொண்ணூற்றெட்டு வாக்கில் அவளுக்கு வேறொரு வேலை வந்தது. தெற்கே இறால் குஞ்சு பொரிக்கும் கம்பெனிகளுக்குச் சேற்றுப்புழு வேண்டுமாம். அய்யாத்துரை என்பவர் வேனில் வந்து வாங்கிப் போவார். தண்ணீர் வடியும் நேரத்தில் அலையாத்தி மரங்களின் காலடியில் சேறு வெளியே தெரியும். உதிர்ந்த இலைகள் அழுகிக் கறுத்த அந்தச் சேற்றில் மண்வெட்டியைப் போட்டால் சிவப்பு சிவப்பாய்ப் புழு நெளியும்.

"கையால தொடறியே, கலீஜா இல்ல?" என்று சிவந்தி மூக்கைப் பொத்துவாள்.

"நீ வாயில கடிச்சிகினு போறியே பறி, அத்த விடவா?"

மண்வெட்டியோடு இறால் குஞ்சு ஏதாவது வந்துவிட்டால், தங்கபுஷ்பம் அதை இரண்டு கையாலும் அள்ளித் தண்ணீரில் விட்டுவிடுவாள். வளர்ந்தால் தங்கை பறிக்குப் போக வேண்டியது. புழுதானே, யார் சோற்றில் மண்ணைப் போடப் போகிறோம் என்று மரத்தடி மரத்தடியாகக் கிளறினாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் இறங்கினார்கள்.

சில வருஷத்தில் சிவந்தியின் பறி இளைத்துப்போனது. விடிந்ததும் போனவள் உச்சி வெயிலில் ஒரு கைப்பிடி இறாலோடு வருவாள். அனல்மின் நிலையத்திலிருந்து ஆற்றில் கலக்கிற சாம்பல்தான் காரணம் என்றது ஊர். அதுவும் பொய்யில்லை. கொடுவா மீன் அருகிப்போனது. கொக்குகள்கூட வேறு பக்கம் போய்விட்டன. தங்கபுஷ்பம் தன் உலையில் தங்கைக்கும் சேர்த்து அரிசி போட்டாள்.

ஒருநாள் பெட்டிகளை ஏற்றும்போது அவள் அய்யாத்துரையைக் கேட்டாள். "இந்தப் புழுவ வெச்சிகினு இன்னாண்ணே பண்றாங்க?"

"தாய் இறாலுக்குத் தீனிம்மா. இதத் தின்னாத்தான் நல்லா முட்டை பிடிக்குது. குஞ்சா இருக்கிறப்ப ஆத்துச் சேத்துல அது தின்னு வளர்றதும் இதத்தான்."

"அப்போ இந்த ஆத்து எறாலுக்கு?"

அய்யாத்துரை சிரித்தார். "அதுக்கு யாரும்மா வேன்ல அனுப்புவா?"

வேன் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். மரம் உதிர்க்கும் இலையைப் புழு தின்கிறது. புழுவை இறால். இறாலைக் கொடுவாவும் கொக்கும் சிவந்தியும். தனித்தனியாக எல்லாமே அவள் கண்ணால் பார்த்தவைதான். கோத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. குஞ்சைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அதன் சோற்றை வேனில் ஏற்றியிருக்கிறாள்.

மறுநாள் அவள் போகவில்லை. அவள் கிளறிய இடத்தில் வேறு பெண்கள் இறங்கியிருந்தார்கள். தடுக்கப் போனவளை அவர்களில் ஒருத்தியான பூவம்மா ஏற இறங்கப் பார்த்தாள். "ஆத்துக்கு வழி காட்னதே நீதான். இப்போ வேணாம்னா எப்டி மே?"

அதற்குள் சிவந்தி கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் குப்பை பிரிக்கும் வேலைக்குப் பேசி முடித்திருந்தாள். துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தவளிடம் தங்கபுஷ்பம் சொல்லிவிட்டாள்.

"சாம்பல் மட்டும் இல்லடி. உன் எறாலு தீனிய நான்தான் வாரி வாரி அனுப்பிக்கீறேன்."

சிவந்தி முடிச்சை இறுக்கினாள்.

"இத்தினி நாளு உன் வூட்டுல துன்னேனே, அதுவும் அந்தப் புழு போட்ட சோறுதானே. வுடுக்கா."

"நான் நிறுத்திட்டேன்மே. சேறு தேறிக்கும். போவாத."

"தேறட்டும். அதுவரிக்கும் நான் இன்னாத்த துன்றது?"

அவள் போய்விட்டாள். கம்பெனிகளுக்கு வேறு தீனி வந்து, அய்யாத்துரையின் வேன் நின்றுபோக இன்னும் சில வருஷம் ஆனது. அலையாத்தி மரத்தடியில் அங்கங்கே புழுத்துளைகள் மறுபடி தெரிய ஆரம்பித்தன.

அந்த வருஷம் ஆடிக்கூழுக்கு வந்த தங்கையை, சாப்பிடக்கூட விடாமல் தங்கபுஷ்பம் ஆற்றுக்கு இழுத்துப் போனாள். "எறங்கித் தடவிப் பாரு."

சிவந்தி கரையிலேயே நின்றாள். குப்பையில் கிடக்கும் கண்ணாடியும் தகரமும் கிழித்துக் கிழித்து, விரல் நுனிகள் காய்ந்த தோல் மாதிரி தடித்திருந்தன. அவற்றை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள்.

"ஒணர்ச்சியே இல்லக்கா. எறாலு வெரலு மேல ஏறினாலும் எனக்குத் தெரியாது. வா, வூட்டுக்குப் போலாம்."