மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தவர்

போன வாரம் ஒரு பகல் எங்கள் தெருவில் கொசுவுக்குப் புகை அடித்தார்கள். கார்ப்பரேஷன் ஆள் தோளில் குழாயைத் தொங்கவிட்டுக்கொண்டு சாக்கடை ஓரமாக நடந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த என் மேல் வெள்ளைப் புகை வந்து மூடிற்று. மண்ணெண்ணெய் நாற்றம். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மடக்கின முழங்கால் உடனே நிமிராது என்பது ஒன்று. புகைக்குள் உட்கார்ந்து எனக்குப் பழக்கம் என்பது இன்னொன்று.

அந்தப் புகை வேறு. கரி அடுப்பில் சாம்பிராணியைத் தூவி, முறத்தால் விசிறி, ஸ்டுடியோ தரை முழுக்கப் பரத்துவார்கள். அதுதான் தேவலோகம். தேவலோகத்தில் எல்லோரும் இருமிக்கொண்டே இருப்போம். கேமரா ஓடும்போது மட்டும் தேவர்கள் இருமக் கூடாது.

நான் சினிமாவில் இருந்தவள் என்று சொன்னால் இந்தத் தெருவில் ஒருவரும் நம்புவதில்லை. நம்பாமல் போகட்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதுவும் தமிழ் எழுத்தென்றால். இந்த மலையாள ஊரில் இத்தனை வருஷம் பஸ்ஸை நிறம் பார்த்தும் முகம் பார்த்தும்தான் ஏறியிருக்கிறேன். இதை எழுதுவதற்கே நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். கை வலிக்கிறது.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து, கல்யாணமான கையோடு, அவருடன் இங்கே தம்பானூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். அவர் என்றால் என் வீட்டுக்காரர். பேரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ரேஷன் ஆபீசில் கேட்டபோதுகூடக் கார்டை நீட்டி, "நீங்களே படிச்சுக்கோங்க" என்றுதான் சொல்லியிருக்கிறேன். கட்டட வேலைக்கு வந்தவர். சாரம் கட்டுவதில் கெட்டிக்காரர். உயரத்துக்குப் பயப்படாத ஆள் என்று யாரோ சொல்ல, ஸ்டுடியோவில் கூப்பிட்டுக்கொண்டார்கள். சாமிப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த காலம். சாமி என்றால் பறக்க வேண்டும். பறக்க வேண்டுமென்றால் மேலே பரணில் நின்று கம்பி இழுக்க ஆள் வேண்டுமே.

நான் சோறு கொண்டு போனவள். அன்றைக்குப் பார்த்து தேவி வேஷம் போட்ட நடிகையை முழ உயரம்கூடத் தூக்க முடியவில்லை, ஒரே அழுகை. டைரக்டர் சுற்றிலும் பார்த்தார். தூக்குச்சட்டியோடு நின்ற என்னைக் கண்டார். மெலிந்த உடம்பு, அதே உயரம். அரை மணி நேரத்தில் நான் தேவியாகிவிட்டேன். முதுகும் கையும் மட்டும்தான் என்னுடையது, முகம் அந்த அம்மாவுடையது.

சேலைக்கு உள்ளே தோல் வார் கட்டுவார்கள். அதில் இரண்டு கம்பி. வெளியே தெரியாமலிருக்கக் கம்பிக்குத் திரையின் நிறத்தைப் பூசுவார்கள், ஆனாலும் விளக்கு பட்டால் மினுங்கும். இறங்கின பிறகு இடுப்பு கன்றிப்போய், பதினைந்து நாளைக்கு அவர் உப்பு வறுத்து ஒத்தடம் கொடுப்பார். ஆனால் அவர் இழுக்கிற கம்பி என்றால் எனக்குத் தெரியும். இழுக்கும் முன்னால் ரெண்டு தடவை லேசாகச் சுண்டுவார். பயப்படாதே என்று அர்த்தம்.

ஒரு படத்தில் தேவி மேகத்திலிருந்து பூமிக்கு இறங்குகிற காட்சி. படத்தின் பேர் வேண்டாம், விடுங்கள். வலையில் பஞ்சு ஒட்டி மேகம் செய்திருந்தார்கள். பாதி இறங்கும்போது என் கிரீடம் வலையில் மாட்டிக் கம்பி தொய்ந்தது. கேமரா ஓடும்போது பரணில் இருக்கிறவன் தலையை நீட்டக் கூடாது என்பது சட்டம். இவர் நீட்டிவிட்டார். மேகத்துக்குள்ளிருந்து ஒரு மீசைக்கார முகம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. ஃபிலிம் விலை அப்படி, திரும்ப எடுக்கவில்லை. ஜனங்கள் எங்கே கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

தம்பானூர்ப் பக்கம் ஒரு தியேட்டரில்தான் நாங்கள் பார்த்தோம். எனக்கு மானம் போயிற்று.

"உங்க மோரைய எதுக்கு மேகத்துல கொண்டு வச்சீய?"

"நீ தொங்குதியா, விழுந்துட்டியான்னு பாக்கண்டாமா?"

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா?"

"சும்மா கெட. சாமியப் பாக்க வந்தவன், சாமியத் தூக்குறவனையா பாக்கப் போறான்?"

பிறகும் மூன்று தடவை போனோம். அந்த இடம் வரும்போது அவர் என் கையில் ரெண்டு தடவை சுண்டுவார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிற படம் உலகத்தில் அது ஒன்றுதான். கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கவில்லை. அவர் போன பிறகு என்னிடம் இருப்பது தேர்தல் கார்டில் ஒரு முகம், அதைப் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருக்கிறது.

மாடியில் குடியிருக்கிற ரேணுகா போனக்காட்டுப் பெண். தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஜனம், மலையாளத்தில் படித்தவள். சினிமாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள். என்னைப் பெரியம்மா என்பாள். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"பெரியம்மா, ஒரு பழைய சாமிப்படம் வந்திருக்கு. திரும்பத் தியேட்டர்ல விடப் போறாங்க. கம்பியெல்லாம் நாங்க அழிக்கணும். ஃபிலிம் பெட்டியத் தெறந்தா புளிச்ச காடி மாதிரி நாத்தமாம். இருந்ததே அந்த ஒரு காப்பிதான்."

படத்தின் பேரைச் சொன்னாள். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

"அந்த டூப்பு பொண்ணு கிடு, சூப்பர், பெரியம்மா! எந்தொரு தைரியம்! கம்பி தொய்ஞ்சும் கைய எறக்கல கேட்டோ, அருள் குடுத்துட்டே வருது."

அது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள்,

"மேகத்துக்குள்ள இருந்து ஒரு மண்டன் தலைய நீட்டுறான், அதான் தமாஷ். பால்கனியில நின்னு மீன்காரியக் கூப்பிடுற மாதிரி! ஆபீசே சிரிச்சுச் செத்துச்சு."

மண்டன் என்றால் இங்கே முட்டாள். அந்தப் பெண் நான் என்று சொன்னால், அந்த மண்டன் யார் என்றும் சொல்ல வேண்டி வரும். மறுபடி கீரையை உருவ ஆரம்பித்தேன்.

"அந்த ஆளை என்ன செய்யப் போற?" என்று கேட்டேன். 'அவனை' என்று எனக்கு வரவில்லை.

"என்ன செய்ய? பக்கத்து மேகத்த எடுத்து மேல ஒட்டிருவேன். வெள்ளிக்கிழமை குடுக்கணும்."

செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. வியாழக்கிழமை காலை மாடிப்படியில் மூன்று படி ஏறி, மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். பையோடு இறங்கி வந்தவள், "எந்தா பெரியம்மா, வய்யே, உடம்பு முடியலையா?" என்றாள். "ஒண்ணுமில்ல. மோட்டர் போட்டாச்சான்னு கேக்க வந்தேன்" என்றேன். அந்த முகத்தை அழிக்காதே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாழ்க்கையில் யாரிடமும் கேட்டு நின்றதில்லை என்ற திமிர் எனக்கு. அதை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் அந்தப் புகை அடித்துப் போன பிறகு ரேணுகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். லீவு. டிரெய்லர் வந்துவிட்டதாம். போனை என் முன்னால் பிடித்தாள். எல்லாம் பளிச்சென்று கழுவிவிட்ட மாதிரி இருந்தது. தேவி இறங்கினாள். என் முதுகு. என் கை.

"கம்பி தெரியுதா?"

"தெரியல."

"அந்த மண்டன் எங்க நின்னான்னு காட்டுங்க பாப்போம். எங்க சாராலயே கண்டுபிடிக்க முடியல."

படத்தை நிறுத்தச் சொன்னேன். விரலை எடுத்து மேகத்தின் மேல் ஓர் இடத்தில் வைத்தேன்.

ரேணுகாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "அய்யோ, கரெக்ட். எப்படி பெரியம்மா?"

"சும்மா, குத்துமதிப்பா." விரலை எடுக்காமலே கேட்டேன். "பழசு எங்கயாவது இருக்குமாட்டி?"

"இல்ல பெரியம்மா. கிளீன் பண்ணினதே மதி, போதும்னுட்டாங்க. மத்ததெல்லாம் அழிச்சாச்சு. அந்த ஃபிலிமும் உதிர்ந்து போச்சாம்." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் கேக்குறீங்க?"

"வேலை நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன். ஒரு தடயமும் இல்ல."

அவள் தொடாமலே போனில் படம் மறுபடி முதலிலிருந்து ஓடியது. இறங்கிக்கொண்டிருக்கிறேன். கம்பி இல்லை. மேலே மேகம் மட்டும் இருக்கிறது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை.