நெய்யாற்றின்கரையில் வாங்கிய கியர்பெட்டி

காலை ஏழேகாலுக்குப் பாறசாலைச் சந்தியில் பஸ் ஏறினோம். நெய்யாற்றின்கரைக்கு ஏழு மைல். கட்டணம் ஆளுக்கு நாலணா. என்னுடன் வந்தவர் வேலப்பன் மேஸ்திரி. அப்பாவின் வாடகைக் காரைப் பழுதுபார்க்கிறவர்.

காரின் கியர்பெட்டியில் பல்சக்கரம் உடைந்து, மூன்று வாரமாக வண்டி வீட்டு முற்றத்தில் கிடந்தது. புதுப்பெட்டி வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. நெய்யாற்றின்கரைக்கு அப்பால் நேசையன் என்பவர் அதே மாதிரிக் காரைப் பிரித்து விற்கிறார் என்று மேஸ்திரி கேள்விப்பட்டிருந்தார். அந்தப் பெட்டியும் கிடைக்காவிட்டால் காரை இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டு, அப்பா மறுபடியும் சந்தையில் சுமை தூக்கப் போகவேண்டும்.

அப்பாவுக்குப் பதிலாக நான் போனதற்குக் காரணம் ரசீது. எங்கள் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்கும் எல்லைக் கிளர்ச்சி தொடங்கியதிலிருந்து சாலையெங்கும் போலீஸ். கார்ச் சாமான் கொண்டுபோகிறவர்களை நிறுத்தி, எங்கே எடுத்தது என்று கேட்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவள் நான் ஒருத்திதான். தமிழ், மலையாளம் இரண்டும் பிழையில்லாமல் எழுதுவேன். ரசீதைத் தமிழில்தான் எழுதுவேன் என்று புறப்படும்போதே சொல்லியிருந்தேன்.

"எதிலயாவது எழுது மக்கா. பெட்டி வந்தாப் போரும்" என்றார் அப்பா.

பஸ் நகர்ந்தபோது சந்திச் சுவரைப் பார்த்தேன். கிளர்ச்சிக்காரர்களின் சாலை மறியலுக்கு முந்தின நாள் ஒட்டிய நோட்டீசுகள் மழையில் ஊறித் தொங்கின. அவற்றில் நாற்பது என் கையால் எழுதியவை. கிளர்ச்சிக்காரப் பையன்கள் கேட்டதற்காக நீல மையில் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் தந்த வாசகம் ஒரே வரி: "நாளை வண்டிகள் ஓட வேண்டாம்." அது வெறுமையாக இருப்பதாகத் தோன்றி, கீழே இன்னொரு வரியை நானே சேர்த்தேன்: "மீறி ஓடும் வண்டிக்கு நாங்கள் பொறுப்பல்ல." பையன்கள் மெச்சினார்கள். பஸ்ஸிலிருந்து பார்த்தபோதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அமரவிளைப் பாலத்தருகே போலீஸ் ஏறி மூட்டைகளை எல்லாம் குத்திப் பார்த்தது. கீழே நெய்யாறு கலங்கி ஓடியது.

எட்டேகாலுக்கு நெய்யாற்றின்கரையில் இறங்கினோம். பாதிக் கடைகள் அடைத்திருந்தன. அங்கிருந்து ஆற்றோரமாக இரண்டு மைல் நடை. வழிநெடுக மரச்சீனித் தோட்டங்கள், தூறல் விடவேயில்லை.

நேசையனின் வீட்டருகே பலாமரத்தடியில் கார் செங்கல்மேல் நின்றது. சக்கரம் இல்லை, கதவு இல்லை, முன்பக்கம் உள்வாங்கி நசுங்கியிருந்தது. அவர் ஊன்றுகோலுடன் வெளியே வந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே விறைத்துக் கோணியிருந்தது.

கியர்பெட்டியை ஏற்கெனவே கழற்றிச் சாக்கின்மேல் வைத்திருந்தார். மேஸ்திரி ஒவ்வொரு கியராகப் போட்டு, தண்டைக் கையால் சுழற்றி, காதை வைத்துக் கேட்டார். பிறகு உள்ளிருந்த எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்தார்.

"என்னவாக்கும் தேடுறீரு?" என்றார் நேசையன்.

"மரத்தூள். சத்தம் கேக்காம இருக்க சிலபேரு உள்ள போட்டு விப்பான்."

"எலே மேஸ்திரி, எனக்க வண்டி சத்தம் போடாது. நான்தான் போடுவேன்."

மூவரும் சிரித்தோம். அன்று நாங்கள் சிரித்தது அந்த ஒருமுறைதான். நூற்றைம்பது கேட்டவர் நூற்றிருபதுக்கு இறங்கினார். மேஸ்திரி பெட்டியைக் கயிற்றால் கட்டினார்.

நேசையன் கருவிப் பெட்டியைத் திறந்து, போல்டுகளோடு நாலாக மடித்த ஒரு காகிதத்தையும் எடுத்தார். நீல மை. பிரிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"படிச்ச பிள்ளையில்லா, இத ஒண்ணு வாசிச்சுச் சொல்லணும் மக்கா. ஒரு ராத்திரி எனக்க வண்டிக் கண்ணாடியில ஆரோ ஒட்டிட்டுப் போனது. கன்வென்ஷன் நோட்டீசுண்ணு நெனச்சேன். ஜெபக்கூட்டம் நல்லதுதானேண்ணு கிழிக்காம விட்டேன். காலத்த விடிஞ்சதும் வண்டிய எடுத்தேன். அமரவிளை எத்துறதுக்கு முன்ன கல்லு விழுந்துது. வண்டி வாய்க்கால்ல மறிஞ்சுது. கிளச்சு மிதிக்கிற காலாக்கும் போனது. இனி எனக்கு என்னத்துக்கு வண்டி?"

"தமிழ் பேசுறீரே, வாசிக்கத் தெரியாதா?" என்றார் மேஸ்திரி.

"எங்க பக்கத்துல தமிழ்ப் பள்ளிக்கூடம் ஏது? மூணாங்கிளாஸ் வரைக்கும் மலையாளம் படிச்சேன். தமிழ் வாயில உண்டு, எழுத்துல இல்ல. தெரிஞ்ச பயலுவகிட்ட கேக்கலாம்னா, அவனுவ எல்லாம் போலீசுக்குப் பயந்து ஒளிச்சு நடக்கியானுவ."

முதல் வரியை வாசித்துவிட்டுக் காகிதத்தை மடித்தேன்.

"கீழ இன்னொண்ணு உண்டே?"

அதையும் வாசித்தேன். அவர் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார்.

"அப்ப, இப்பிடி வரும்ணு எழுதினவனுக்கு முன்னயே தெரிஞ்சிருக்கு" என்றார். பிறகு காகிதத்தை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல கையெழுத்து, இல்லியா?"

"ஆமாம்" என்றேன்.

கியர்பெட்டி எங்கள் நடுவில் கட்டித் தயாராக இருந்தது. உண்மையைச் சொன்னால் தரமாட்டாரோ என்று பயந்தேன். அப்பாவுக்காக வாயடைத்து நின்றதாக அன்று நினைத்தேன். அப்பாவை நினைப்பதற்கு முன்பே வாய் அடைத்துவிட்டது என்பதே உண்மை.

ரசீது எழுதக் காகிதமும் பேனாவும் எடுத்தேன். நோட்டீஸ் அவர் மடியில் விரிந்து கிடந்தது. தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கண் போதும். நான் மலையாளத்தில் எழுதினேன். மேஸ்திரி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

நேசையன் வரிகளின் கீழே விரலை நகர்த்தி, உரக்க, ஒரு சொல் விடாமல் வாசித்தார். முகம் தெளிந்தது. "நோட்டீசையும் இப்பிடி எழுதியிருந்தா நான் வண்டிய எடுத்திருக்கவே மாட்டேன் மோளே" என்றார். இளநீர் வெட்டித் தந்தார். குடித்தேன்.

பெட்டியை ஒரு கம்பில் கோத்து, மேஸ்திரி முன்னும் நான் பின்னுமாகச் சுமந்து நடந்தோம். மதியம் ஒரு மணிக்குப் பஸ். பெட்டிக்கு எட்டணா. அமரவிளையில் போலீஸ்காரர் ரசீதைப் படித்துவிட்டு, "கொள்ளாம், நல்ல மலையாளம்" என்று திருப்பித் தந்தார்.

பாலம் கடந்ததும் மேஸ்திரி என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "எனக்க கடைப் பலகைய எழுதித் தந்தது நீயில்லா மக்கா. அந்த எழுத்த நான் தினமும் பாக்கேன்."

பாறசாலை வரை மழை பெய்தது.

மறுநாள் மாலை பெட்டியைப் பொருத்தினார்கள். நேசையன் சொன்னபடி சத்தமே இல்லை. அப்பா சந்திவரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, ஏறச் சொன்னார். தலைவலி என்றேன். இன்றுவரை அதில் ஏறவில்லை.

போய்வந்ததை நடந்தபடியே இங்கே எழுதிவிட்டேன், எதையும் மறைக்கவில்லை. ஆனால் தமிழில் எழுதியிருக்கிறேன். ஒன்பது மைலுக்கு அப்பால் இருக்கும் அவரால் இதை வாசிக்க முடியாது. எனக்கு மலையாளமும் எழுத வரும் என்பது அவருக்குத் தெரியும்.