சித்திரை வெயிலில் ஒரு ஹீட்டர்

கும்மிடிப்பூண்டியில் ரேடியேட்டர் வேலை செய்பவர் அவர். என் பழைய காரில் தண்ணீர் ஒழுகிய ஹீட்டரைக் கழற்றி, துரு எடுத்து, ஓட்டையை ஈயத்தால் அடைத்து மாட்டியிருந்தார். எந்த வண்டியில் ஏறினாலும் செருப்பை வெளியே விட்டுவிடுவார். அன்றும் வெறுங்காலோடு ஏறி, சித்திரை வெயிலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டார். நான் நிழலில் நின்றேன். கால் மணி நேரம் கழித்துச் சட்டை தொப்பலாக நனைந்து இறங்கினார்.

"லெஃப்ட் காலுக்கு சூடு வர்ல சார். இன்னொரு தபா கழட்டணும்."

"விடுங்க. இந்த ஊர்ல நான் இதைப் போடவே போறதில்ல."

"நீ போடமாட்ட சார். நான் போட்டுப் பாத்துட்டனே" என்றபடி ஸ்பேனரை எடுத்தார்.

அந்த ஹீட்டர் குமிழை இன்றுவரை நான் திருப்பியதில்லை. ஆனால், யார் கேட்டாலும் இரண்டு காலுக்கும் சூடு வரும் என்றுதான் சொல்கிறேன்.